செலவைக் குறைக்கும் தற்காலிக நிதி மசோதாவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஆதரிப்பது சரியா?

சரிதான் என்பேன். முழு ஆண்டு பட்ஜெட் நிறைவேறாதபோது, பணமில்லாமல் அரசு அலுவலகங்கள் முடங்கிவிடாமல் இருக்கக் கொஞ்ச நாளுக்கு மட்டும் நிதி தருவதுதான் இந்த மசோதா. ஆனால் எதை வெட்டுகிறார்கள், எத்தனை நாளுக்குப் பணம் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் அமெரிக்க அரசு முடங்கியபோது, மேரிலாந்தில் ஒரு அரசுத் துறையில் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். நிரந்தர ஊழியர்களுக்கு நின்றுபோன சம்பளம் பிறகு வந்துவிட்டது. எங்களுக்குப் போனது போனதுதான். வாடகை, கார் தவணை, மகளின் டேகேர் கட்டணம் என்று என் மனைவி காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்து, எதைத் தள்ளிப்போடலாம் என்று தினமும் பார்ப்பாள். அதனால் அலுவலகக் கதவைத் திறந்து வைக்கும் மசோதாவை நான் லேசில் குறை சொல்ல மாட்டேன்.

நல்ல உதாரணம் 2011 மார்ச். நிதியாண்டு 2010 அக்டோபர் 1-லேயே தொடங்கியும் முழு பட்ஜெட் நிறைவேறவில்லை. குடியரசுக் கட்சிச் சபாநாயகர் ஜான் பெய்னர் தரப்பு இரண்டு வாரத்துக்கு மட்டும் நிதி, கூடவே 400 கோடி டாலர் வெட்டு என்று மசோதா கொண்டுவந்தது. 335-91 என்று நிறைவேறியது. எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சியினரே 104 பேர் ஆதரித்தார்கள். காரணம், வெட்டியதில் பெரும்பகுதி அவர்கள் கட்சி அதிபர் ஒபாமாவே தன் பட்ஜெட்டில் வேண்டாம் என்ற திட்டங்களும், உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்கென்று ஒதுக்கி வாங்கிய பணமும்தான். இரண்டு தரப்பும் கைவிட்டதை வெட்டினால் யாருக்கு என்ன வலி? நான் அங்கே இருந்திருந்தால் ஆதரித்திருப்பேன்.

அடுத்த மசோதா மூன்று வார நிதி, 600 கோடி டாலர் வெட்டு. ஆதரவு 271-158 ஆகச் சரிந்தது. ஏப்ரல் 8 நள்ளிரவுக்குச் சற்று முன்புதான் முழு ஆண்டுக்கும் உடன்பாடு வந்தது.

2023 செப்டம்பர் 29-ல் அப்போதைய குடியரசுக் கட்சிச் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி கொண்டுவந்தது வேறு ரகம். ராணுவம் போன்ற சிலவற்றை விட்டுவிட்டு மற்ற துறைகளில் ஏறக்குறைய 30 சதவீத வெட்டு. சொந்தக் கட்சியிலேயே 21 பேர் எதிர்த்து, 198-232 என்று தோற்றது. மறுநாள் வெட்டு இல்லாத 45 நாள் மசோதா நிறைவேறியது, அதே 335-91 கணக்கில்! அத்தனை பெரிய வெட்டை ஒரு மாதத்துக்கான மசோதாவில் திணித்தது தவறு என்றே நினைக்கிறேன். அதைத் துறை துறையாக, முழு பட்ஜெட்டில் விவாதிக்க வேண்டும்.

நாள் கணக்கைச் சொல்லக் காரணம் உண்டு. 2019 ஜனவரி 25-ல் எங்களைத் திரும்ப அழைத்ததும் மூன்று வாரத் தற்காலிக நிதியில்தான். புது வேலை எதையும் யாரும் தொடங்கவில்லை. பிப்ரவரி 15-ஐக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தோம். அதுவரை டேகேரில் மகளைத் திரும்பச் சேர்க்கவில்லை.