கெண்டைக்கால் 39 செ.மீ.: எந்த பூட்ஸ் பொருந்தும்?

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மெல்பர்ன் போகிறோம். என் உயரம் 154 செ.மீ. இடுப்பும் தொடையும் கொஞ்சம் கனம். கெண்டைக்கால் சுற்றளவு 39 செ.மீ. முழங்கால்வரை வரும் பூட்ஸ் போட்டுப் பார்த்தால் ஸிப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அரைக்கால் பூட்ஸ் நுழைகிறது, ஆனால் கால் இன்னும் குட்டையாகத் தெரிகிறது. திரும்பி வந்த பிறகு அலுவலகத்துக்கும் போட வேண்டும். எதை வாங்கலாம்? (சிங்கப்பூர் ஈசூன் வாசகி)

அரைக்கால் பூட்ஸில் நீங்கள் கண்ணாடியில் பார்த்தது சரிதான். பூட்ஸின் மேல் விளிம்பு காலில் எங்கே முடிகிறதோ, பார்ப்பவர் கண் அங்கேதான் போய் நிற்கும். அரைக்கால் பூட்ஸ் முடிவது ஏறக்குறைய ஆடுசதை மிகவும் பருத்திருக்கும் இடத்தில். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டால், காலின் மிகப் பெரிய அளவைக் கோடு போட்டுக் காட்டியதுபோல் ஆகிவிடும். கோட்டுக்குக் கீழே பாதி, மேலே பாதி என்று காலும் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். 175 செ.மீ. உயரமுள்ளவர் இதைச் சமாளித்துவிடுவார். 154க்கு வேண்டாம்.

விளிம்பு நிற்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, கால் மிகவும் மெலிந்திருக்கும் இடம். இன்னொன்று, முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே, ஆடுசதை முடிந்து கால் மறுபடி ஒடுங்கும் இடம். பேரிக்காய், ஆப்பிள் என்று உடலுக்குப் பழப்பெயர் வைத்துச் சொல்லப்படும் ஆலோசனைகளில் பாதி இந்த இரண்டு இடங்களுக்குள் அடங்கிவிடும்.

கடைக்குப் போகுமுன் தையல் டேப்பை எடுங்கள். நேரம் மாலையாக இருக்கட்டும். நாள் முழுக்க நின்று நடந்த கால் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் படிய, முழங்காலைச் செங்கோணத்தில் மடித்து மூன்று அளவு குறித்துக்கொள்ளுங்கள்: ஆடுசதையின் மிகப் பருத்த சுற்றளவு, தரையிலிருந்து அந்த இடத்தின் உயரம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் உயரம். இரண்டு காலையும் அளக்க வேண்டும், அரை செ.மீ. வித்தியாசம் இருப்பது சாதாரணம், பெரியதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

37, 38 எண் பூட்ஸ்களில் கெண்டைப் பகுதியின் சுற்றளவு வழக்கமாக 36, 37 செ.மீ. அளவில்தான் இருக்கும். உங்கள் 39 அதில் எப்படி நுழையும்? குறை காலில் இல்லை. லெக்கிங்ஸ் மேல் போட்டால் கூடுதலாக 1 செ.மீ., ஜீன்ஸை உள்ளே விட்டால் 2 முதல் 3 செ.மீ. இடம் வேண்டும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது 40 முதல் 42 வரை. ‘வைட் காஃப்’ (கெண்டைப் பகுதி அகன்றது) என்று தனியாகக் கேளுங்கள், அல்லது பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை எலாஸ்டிக் பட்டை வைத்ததாகப் பாருங்கள். ஸிப் ஏறவில்லை என்று ஒரு எண் பெரிதாக வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. கெண்டைக்குக் கிடைப்பது அரை, ஒரு செ.மீ.; பாதமோ உள்ளே வழுக்கி, குதிகால் கொப்பளித்துவிடும். அசல் தோலாக இருந்தால் காலணி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து 1 செ.மீ., அதிகம் போனால் 2 செ.மீ. விரித்து வாங்கலாம். செயற்கைத் தோல் அப்படி விரியாது, வெடிக்கும்.

அடுத்தது உயரம். இணையத்தில் ‘ஷாஃப்ட்’ என்று போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் உள்ளங்கால் வளைவிலிருந்து மேல் விளிம்புவரை. ஹீல் அதில் சேராது. உங்கள் முழங்கால் மடிப்பு 38 செ.மீ. உயரத்தில் இருந்தால் 34, 35 ஷாஃப்ட் போதும். கடையில் அழகாகத் தொங்கும் 40 செ.மீ. பூட்ஸ் உங்களுக்கு மடிப்பைத் தாண்டிப் போகும்; உட்காரும்போதெல்லாம் பின்பக்கம் குத்தும், கணுக்காலில் சுருங்கி மடியும்.

ஸிப்பை உட்கார்ந்து மூடிவிட்டு அதோடு நிறுத்தாதீர்கள். எழுந்து நில்லுங்கள், பத்துப் படி ஏறி இறங்குங்கள், குதிகாலை ஒருமுறை தூக்குங்கள். அப்போது ஆடுசதை திரளும். ஸிப் பல் அலை அலையாக நெளிந்தால் அந்த பூட்ஸ் பயணத்தின் நடுவில் கைவிடும். விளிம்புக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் அது வாளியில் கால் விட்டதுபோல்.

இதெல்லாம் சொன்னாலும், இந்தப் பயணத்துக்கு எங்கள் பரிந்துரை கணுக்கால் பூட்ஸ்தான். ஜூனில் மெல்பர்ன் பகலில் 14, 15 டிகிரியும் இரவில் 7 டிகிரியும் இருக்கும். பனி மிதிக்கப் போவதில்லை. முழங்கால் பூட்ஸை இங்கே திரும்பிவந்து போடுவது அரிது. பிறகு சிங்கப்பூர் அலமாரியில் அதற்கு என்ன ஆகும் என்பதைக் கீழே பாருங்கள்.

கணுக்கால் பூட்ஸில் கவனிக்க வேண்டியவை: விளிம்பு காலை ஒட்டி நிற்க வேண்டும், முன்பக்கம் ‘வி’ வடிவில் சற்று இறங்கினால் இன்னும் நல்லது. கணுக்காலைச் சுற்றி பக்கிள், வார், சங்கிலி எதுவும் வேண்டாம். ஹீல் 3 முதல் 5 செ.மீ., கட்டையாக. இடுப்பும் தொடையும் கனமாக உள்ளவர் ஊசி ஹீல் போட்டால் மேலே பெரிது, கீழே சிறிது என்று பம்பரம்போல் தெரியும். அடியில் கொஞ்சம் பருமன் இருந்தால்தான் உருவம் சமநிலையாக நிற்கும். தோள் அகன்றவர்களுக்கும் இதே கணக்கு. வயிறு கனத்து, கால் மெலிந்தவர்கள் நேர்மாறாக மெல்லிய, காலை ஒட்டிய பூட்ஸ் போட்டுக் காலைக் காட்டலாம். குச்சிக் கால் என்றால் சுருக்கம் விழும் மென்தோல்.

நிறம்தான் செலவில்லாமல் உயரம் கூட்டும் வழி. பூட்ஸும் கால்சட்டையும் ஒரே நிறமாக இருந்தால் கண் எங்கும் நிற்காமல் மேலேறிவிடும். பாவாடை போடுவதானால் பூட்ஸும் டைட்ஸும் ஒரே நிறம். வெறுங்காலோடு என்றால் தோல் நிறத்தை ஒட்டியது. கடையில் ‘நியூட்’ என்று காட்டும் வெளிர் சந்தன நிறம் நம்மில் பலருக்குத் தோல் நிறமே இல்லை. கருப்பட்டி நிறம், காப்பி நிறம் கேளுங்கள்.

குர்தியோடு போடுவதாக இருந்தால் சுடிதார் வேண்டாம். அதன் மடிப்புகள் எல்லாம் கணுக்காலில்தானே சேர்கின்றன. பூட்ஸுக்குள் போனால் அழுத்தும், வெளியே விட்டால் வளையம்போல் நிற்கும். லெக்கிங்ஸ் போதும். புடவைக்குப் பக்கவாட்டு ஸிப் வைத்தது நல்லது. நாடா மாட்டும் உலோகக் கொக்கிகளில் ஃபால்ஸ் சிக்கிக் கிழியும். மெல்பர்னின் கேரம் டவுன்ஸில் உள்ள சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகும் எண்ணமிருந்தாலும் ஸிப்பே வசதி. வாசலில் எட்டுக் கண் நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

மெட்டி அணிகிறவர்கள் அதோடேயே போட்டுப் பாருங்கள். கூர்முனை பூட்ஸ் காலை நீட்டிக் காட்டும், உண்மை. ஆனால் விரல்களை நெருக்கும்போது மெட்டி பக்கத்து விரலை அறுக்கும். பாதாம் வடிவ முனை நடுவழி. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் இருக்கட்டும். கொலுசு உள்லைனிங்கில் சிக்கும், அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். குளிருக்கான தடிமனான காலுறையையும் கடைக்கு எடுத்துப் போக மறக்காதீர்கள்.

இனி அலமாரி விஷயம். இங்கே காற்றில் சராசரி ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்கு மேல். பாலியுரித்தேன் அடிப்பாகம் அந்த ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டே வரும். பெட்டியில் புதிதுபோல் இருக்கும். சில ஆண்டு கழித்துப் போட்டு விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் பொரி உதிர்வதுபோல் உதிரும். ஆகவே ரப்பர் அடிப்பாகமா என்று கேட்டு வாங்குங்கள். மேல்பகுதி அசல் தோலாக இருந்தால், பயன்படுத்தாமல் வைத்தாலும் செயற்கைத் தோல்போல் பொருக்குத் தட்டி உரியாது.

வாங்கியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் இருக்கும் மூடிய செருப்பு அலமாரியும் சரிப்படாது. துணிப்பையில், ஈரம் உறிஞ்சும் பெட்டியோடு, உள்ளறையில் வையுங்கள். அலுவலகத்துக்குப் போட்ட மறுநாள் அதற்கு ஓய்வு கொடுங்கள். ஸிப்பைத் திறந்து மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விட்டால்தான் உள்வியர்வை காயும். வெண்பூஞ்சை பிடித்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, தோல் க்ரீம் தடவலாம். மேற்பரப்பு வெல்வெட்போல் இருக்கும் ஸ்வேட் தோலுக்கு இது ஆகாது. இங்கே பிற்பகலில் கொட்டும் மழைக்கு ஸ்வேட் வாங்குவதே வீண்செலவு.

ஏற்கெனவே வீட்டில் பழைய பூட்ஸ் இருந்தால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டு அரை மணி நேரம் கீழ்த்தளத்தில் நடந்து பாருங்கள். அடிப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து மீளாமல் நிற்கிறதா, பிசுபிசுக்கிறதா, ஓரத்தில் மெல்லிய விரிசல் தெரிகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் அதைப் பயணப் பெட்டியில் வைக்காதீர்கள்.