ஆறுதல் சொன்னவர்களும் மன்னிக்க வேண்டியவரும்

வாசகர் கேள்வி: மறதி நோய் கண்ட என் அம்மாவை ஆறு ஆண்டுகள் நான்தான் பார்த்துக்கொண்டேன். சென்ற தை மாதம் அவர் காலமானார். சாப்பிட மறுத்த ஒரு நாள் அவர் கையில் அடித்திருக்கிறேன். அதைவிடப் பெரிய குற்றமும் ஒன்று உண்டு. அம்மாவின் நாலு பவுன் சங்கிலி காணாமல் போனபோது, "அவள்தான் எடுத்தாள்" என்று அம்மா சொன்னதை நம்பி, எங்கள் வீட்டில் வெகுகாலம் பாத்திரம் தேய்த்த அக்காவைத் தெருவே பார்க்கத் திட்டினேன். போலீசுக்குப் போவேன் என்று மிரட்டி, அந்த மாதச் சம்பளத்தையும் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அம்மா போன பிறகு பீரோவை ஒழித்தபோது, பழைய ரவிக்கைத் துணிக்குள் சுருட்டி வைத்திருந்த சங்கிலி கிடைத்தது. நோயாளிகளைக் கவனிப்பவர்கள் பெயர் சொல்லாமல் தொலைபேசி வழியே பேசிக்கொள்ளும் குழு ஒன்றில் இரண்டையும் சொன்னேன். எல்லோரும் பரிவோடு ஆறுதல் சொன்னார்கள். இரண்டு நாள் நிம்மதி. பிறகு பழையபடி தூக்கமில்லை. மறுபடி போய்ச் சொல்கிறேன். பெயரை மறைத்துக்கொண்டு குற்றத்தைச் சொல்வது கோழைத்தனமா? தொடர்ந்து சொல்லலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கோழைத்தனம் என்ற சொல்லை முதலில் தள்ளி வையுங்கள். "அம்மாவை அடித்துவிட்டேன்" என்று நம் ஊரில் ஒரு மகள் யாரிடம் சொல்ல முடியும்? அண்ணனிடம் சொன்னால், அண்ணி வழியாக அது அடுத்த கல்யாண வீட்டுப் பந்திக்கு வந்து சேரும். இத்தனை ஆண்டுகளில் ஒரு ராத்திரிகூடத் துணைக்கு வந்து படுக்காத உறவினர்தான் முதல் ஆளாகத் தீர்ப்புச் சொல்வார். பெயரும் முகமும் தெரியாத இடத்தில், உங்களைப் போலவே சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மன்றாடிய பெண்களிடம் அதைச் சொன்னது சரியான காரியம். அம்மாவிடம் இனி மன்னிப்புக் கேட்க முடியாது. "நானும் கை ஓங்கியிருக்கிறேன்" என்று அவர்களில் ஒருவர் சொல்லும்போது, அந்த வார்த்தைக்கு அனுபவத்தின் தகுதி இருக்கிறது. அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு குற்றவுணர்வுகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் இறக்கி வைக்கப் பார்க்கிறீர்கள். ஒன்று இறங்குகிறது, மற்றது இறங்க மறுக்கிறது.

சொன்னதும் வருகிற நிம்மதி பொய்யானதல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை வருத்திய அனுபவத்தை நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள்கள் எழுதினார்கள். நடந்ததையும் அது குறித்த தங்கள் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. எழுதியதைப் படித்து ஆறுதல் சொல்ல அங்கே யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மனத்தில் கிடப்பது வார்த்தையாக வெளிவருவதே ஒரு நன்மை. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்த அக்காவுக்குச் செய்த அநியாயத்தை, அவரை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் எப்படி மன்னிக்க முடியும்? இரண்டே நாளில் அந்த நிம்மதி தீர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பெயர் சொல்லாமல் குறையை ஒப்புக்கொள்ளும் முறையை நம் காலத்தில் உலகெங்கும் கொண்டுபோனது, குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில், குடியிலிருந்து மீளப் போராடிய ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. குடியிலிருந்து மீள அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, செய்த தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. எட்டாவது படி, யார் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுதச் சொல்கிறது. ஒன்பதாவது, அவர்களுக்கோ பிறருக்கோ அதனால் கேடு வரும் என்றால் ஒழிய, நேரில் போய் ஈடு செய்யச் சொல்கிறது. நமக்கு வெட்கமாக இருக்கிறது என்பது அந்த விலக்கில் சேராது.

அம்மாவின் பேச்சை நம்பியதற்காக உங்களை அதிகம் நொந்துகொள்ள வேண்டாம். பொருளை ஒளித்து வைப்பதும், வைத்த இடத்தை மறப்பதும், கூட இருப்பவர் திருடிவிட்டார் என்று அடித்துச் சொல்வதும் மறதி நோயில் பரவலாகக் காணப்படுபவை. குடும்பத்தாருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லி வைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். ஆனால் மிரட்டியதும் சம்பளத்தை நிறுத்தியதும் நோய் செய்த வேலை அல்லவே. வீட்டு வேலை ஒருவர் சொல்லி ஒருவருக்குக் கிடைப்பது; ஒரு வீட்டில் திருட்டுப் பட்டம் விழுந்தால் அந்தத் தெருவில் எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும். உங்கள் குழுவினருக்குத் தெரியாத பாதிக் கதை அவரிடம் இருக்கிறது.

ஆகவே அவரைப் போய்ப் பாருங்கள். ஆளனுப்பி வரச் சொல்லாதீர்கள். அவர் வீட்டுக்கு நீங்கள் போக வேண்டும். "சங்கிலி எங்கள் பீரோவிலேயே கிடைத்தது. நீங்கள் எடுக்கவில்லை. நான் உங்கள்மேல் பழி போட்டேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அம்மாவின் நோயையும் உங்கள் களைப்பையும் அவர் கேட்டால் சொல்லலாம். முன்னுரையாகச் சொன்னால் அது சாக்காகத்தான் காதில் விழும். கூடியவரை அங்கே அழாதீர்கள். அழுதால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். நிறுத்தி வைத்த சம்பளம் அவருடைய பணம், அதை முதலில் கொடுங்கள். வேலையில்லாமல் எத்தனை மாதம் இருந்தார் என்று கேட்டு, அதற்கும் உங்களால் இயன்றதைச் செய்யுங்கள். சங்கிலியையே கொடுத்துவிடலாமா என்று தோன்றக்கூடும். வேண்டாம், அது அவர் கழுத்தில் ஏறிய அன்றே, "பார்த்தாயா, அன்றே சொன்னோமே" என்று தெரு பேசும்.

அவர் கதவைச் சாத்தலாம், நாலு வார்த்தை ஏசலாம். கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், மன்னிப்புக் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பப் போய் நிற்பது அவருக்கு இன்னொரு தொந்தரவு.

குழுவை விட வேண்டியதில்லை. அம்மாவின் நினைவு வரும்போதெல்லாம் அங்கே பேசுங்கள். சங்கிலிக் கதையை மட்டும், அவரைப் பார்த்து வரும்வரை அங்கே எடுக்காதீர்கள். தூக்கமின்மை நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, குழுவின் ஆறுதல் போதாது. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. பழி தெருவில் சொல்லப்பட்டது. ஆகவே திருத்தமும் தெருவில் சொல்லப்பட வேண்டும். அன்று வாசலில் நின்று வேடிக்கை பார்த்த வீடுகளுக்குப் போய், சங்கிலி கிடைத்துவிட்டது, தவறு என்னுடையது என்று சொல்லுங்கள். இதற்கு அந்த அக்காவின் முகவரி தெரிய வேண்டியதில்லை. அவரைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எதிர்வீட்டிலிருந்து இன்று மாலையே தொடங்கலாம்.