கேளுங்கள் சிஸ்டர்: எப்போது பிறக்கும்?

கேள்வி: எனக்கு இது 38ஆவது வாரம். மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருக்கிறேன். எந்த வேலை எந்த நாளில் முடியும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. இப்போது எல்லோரும் என்னிடம் "எப்போது?" என்று கேட்கிறார்கள். கணவருக்கு விடுப்புத் தேதி வேண்டும். மாமியார் நல்ல நட்சத்திரம் பார்த்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கோ இரவில் தூக்கமில்லை. தியான வகுப்பில், கொரியத் துறவி சியுங் சான் கற்பித்த முறை என்று ஒன்றைச் சொல்லித்தந்தார்கள். மூச்சை இழுக்கும்போது மூன்று முறை "தெளிந்த மனம்", விடும்போது நீளமாகத் "தெரியாது". சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் கூடுகிறது. தெரியாமல் இருப்பதில் எப்படி நிம்மதி வரும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: மகளே, உன்னை "நீ" என்றே அழைக்கிறேன். வலியில் இருப்பவளின் கையைப் பிடித்துக்கொண்டே 31 வருடம் பேசிய எனக்கு "நீங்கள்" வரவில்லை.

துறவியின் மடத்தை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது பிரசவ வார்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் வந்தாள். இரண்டாவது பேறு. கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருந்தது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது எங்களுக்கு அன்றைய பாடம். கணக்குப் போட்டு, "விடிந்துவிடும், போய் டீ குடித்துவிட்டு வாருங்கள்" என்று அவள் அம்மாவை அனுப்பிவிட்டேன். கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தேன். "சிஸ்டர், ஒரு மாதிரி இருக்கிறது" என்று அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். தலை நிமிராமலே, "அதற்கெல்லாம் நேரமாகும்" என்றேன். மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால் குழந்தையின் தலை தெரிகிறது. ஒரு கையில்தான் கையுறை போட முடிந்தது. தாயும் சேயும் நலம். ஆனால் பிளாஸ்க்கோடு ஓடிவந்து வாசலில் நின்ற அவள் அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நான் ஓய்வுபெறுவதற்கு ஓராண்டு முன், 2018இல், அந்த மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. ஆனால் அன்றிரவு என் குற்றம் கணக்குத் தப்பியது அல்ல. தெரியும் என்ற எண்ணத்தில் காதை மூடிக்கொண்டதுதான்.

மறுநாள் காலை எங்கள் தலைமைச் செவிலியர் என்னைத் திட்டவில்லை. இன்னொரு பெண்ணின் கட்டிலுக்கு அழைத்துப்போய், என் வலது கையை எடுத்து அவள் மேல்வயிற்றில் வைத்தார். "பத்து நிமிடம். பேசாதே. அடுத்த வலி எப்போது என்று நினைக்காதே. வந்தால் எண்ணு."

முதலில் ஒன்றுமில்லை. பிசைந்து வைத்த மாவைப் போல மிருதுவான வயிறு, வியர்வையில் ஈரமான துணி. என் மனம் பக்கத்துக் கட்டிலுக்கும் கடிகாரத்துக்கும் ஓடியது. திரும்பக் கொண்டுவந்தேன். பிறகு, அந்தப் பெண்ணின் முகம் மாறுவதற்கு முன்பே, விரல்களின் அடியில் ஒரு இறுக்கம் திரண்டது. லேசான வலி மூக்கு நுனியைத் தொட்டாற்போல, நடுத்தர வலி தாடையைத் தொட்டாற்போல, பலமான வலி நெற்றியைத் தொட்டாற்போல இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். நெற்றி. நாற்பது வரை எண்ணினேன், மெல்ல இளகியது. அடுத்தது எப்போது என்று தெரியாமல் காத்திருந்த கைதான் அதைப் பிடித்தது. உன் துறவி சொல்லும் "தெரியாது" இதுதான் என்று நினைக்கிறேன். அதில் பயமில்லை, கவனம் இருக்கிறது.

உனக்குக் கொடுத்த தேதி எங்கிருந்து வந்தது? கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 280 நாளைக் கூட்டியது. ஸ்கேன் பார்த்துக் கொஞ்சம் திருத்தியிருப்பார்கள். சரியாக அந்த நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றில் ஐந்து இருந்தாலே அதிகம். வலி எதனால், எந்த நொடியில் தொடங்குகிறது என்பதை மருத்துவம் இன்னும் முழுமையாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே உன் கணவரிடம் தேதி சொல்லாதே, இரண்டு வாரம் ஆயத்தமாக இருக்கச் சொல்.

இன்றிரவு இடது பக்கம் ஒருக்களித்துப் படு. உள்ளங்கையை வயிற்றில் வை. "எப்போது?" என்று மனம் கேட்கும். அந்த முதல் எழுத்தை மட்டும் மாற்று: இப்போது. இப்போது உதைக்கிறதா, உருள்கிறதா, தூங்குகிறதா? வகுப்பில் சொன்ன மூச்சையும் விடாதே. நீளமாக வெளியே விடும் மூச்சு வலி நேரத்தில் உன்னைத் தாங்கும்.

நம் பாட்டிகள் இதை அறிந்தவர்கள். வலி என்றதும் சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள். அடங்கினால் சூட்டு வலி, அடங்காமல் கூடினால் பிள்ளை வலி. அதுவரை எதையும் முடிவு செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் குழந்தையின் அசைவு குறைந்தால், ரத்தம் பட்டால், பனிக்குடம் உடைந்தால், தலைவலியோடு கண் மங்கினால் காத்திருக்காதே, உடனே மருத்துவமனைக்குப் போ. 41 வாரம் ஆகியும் வலி வராவிட்டால் மருத்துவர் வலி வரவழைப்பதைப் பற்றிப் பேசுவார். அதைக் கேள்.

மாமியாரிடம் கோபப்படாதே, அவருக்கும் பயம். 2019–21 தேசியக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அவற்றில் பல உயிரைக் காத்தவை, அந்தக் கத்திக்கு நான் கை கூப்புவேன். நட்சத்திரத்துக்காக வேண்டாம். 39 வாரத்துக்கு முன் அவசியமில்லாமல் எடுத்த குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆணா பெண்ணா என்று தெரியாமல் அவர் இத்தனை மாதம் இருந்துவிட்டாரே! அதை முன்கூட்டியே சொல்லக் கூடாது என்பது பெண் கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994இல் வந்த சட்டம். அந்தத் தெரியாமையால் உங்கள் வீட்டில் இரண்டு பெயர்களை யோசித்து வைத்திருப்பீர்கள். அந்தப் பெயர்களை அவரிடமே கேள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

கேள்வி: அடுத்த மாதம் என் மகளுக்குப் பிரசவம். மனைவி இல்லை. வராந்தாவில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கப் போகும் நான் என்னதான் செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, உள்ளே துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்களா என்று முன்பே கேட்டு, மகளுக்குப் பிடித்த அத்தையையோ சித்தியையோ வரச்சொல்லுங்கள். நடுவில் கதவைத் தட்டாதீர்கள். உங்கள் பழைய வேட்டி ஒன்றை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதாகப் பார்த்து, மறுபடி வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். நான்காகக் கிழித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கதவைத் திறந்ததும் சிஸ்டர் முதலில் கேட்பது அதைத்தான்.