உடற்கூறியல் மறுதேர்வு – கடிதமும் பதிலும்

டாக்டர், வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மருத்துவம் முதலாண்டு. உடற்கூறியல் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண், ஆனால் ஓஸ்பி என்னும் செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டேன். பதப்படுத்திய உடலில் கொடி குத்தி வைத்திருப்பது நரம்பா தசைநாணா என்றே பிடிபடவில்லை. அட்லஸ் என்னும் உடற்கூறுப் படப் புத்தகத்தில் பார்த்த நிறம் எதுவும் உடலில் இல்லை. இருபது பேருக்கு ஓர் உடல் என்பதால் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. இப்போது விடுமுறை. மறுதேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். காசு கட்டி ஒரு முப்பரிமாணச் செயலி வாங்கித் தந்திருக்கிறார். அது போதுமா, இன்னும் பெரிய புத்தகம் வாங்க வேண்டுமா?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

புத்தகம் வாங்க வேண்டாம். எழுத்துத் தேர்வில் பெயரைக் கொடுத்து விவரம் கேட்கிறார்கள். ஓஸ்பியில் உறுப்பைக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். நீங்கள் பெயரிலிருந்து உறுப்புக்குப் போய்ப் பழகியிருக்கிறீர்கள். உறுப்பிலிருந்து பெயருக்கு வரும் வழியில் நடந்ததே இல்லை. இந்த ஐந்து வாரமும் அந்த வழிக்குத்தான்.

முதலில் நிறம். பதப்படுத்தும்போது தொடையிலோ கழுத்திலோ உள்ள தமனி வழியாக ஃபார்மலின், ஃபீனால், கிளிசரின், ஆல்கஹால் போன்றவை கலந்த திரவத்தை ஏற்றுகிறார்கள். ஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். உடல் அழுகாது, ஆனால் நிறமும் நெகிழ்வும் போய்விடும். அட்லஸின் சிவப்பும் நீலமும் மஞ்சளும் வரைகிறவர்களின் வழக்கம், அவ்வளவுதான். ஆகவே ஆய்வகத்தில் விரலால் பாருங்கள். இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினால் தமனியின் தடித்த சுவர் தெரியும். அழுத்தி விட்டால் மறுபடி உருண்டு நிற்கும். சிரை சப்பையாகிவிடும், உள்ளே கறுத்த ரத்தக்கட்டி இருக்கலாம். நரம்புக்குத் துளை கிடையாது, வெட்டுமுகத்தில் இழைக்கற்றைகள் தெரியும். தேர்வில் பெரும்பாலும் தொட விடமாட்டார்கள். அதனால் தொட முடிகிற நாட்களிலேயே கையும் கண்ணும் சேர்ந்து பழக வேண்டும். கண் எரிந்தால் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியிருக்கிறது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நீங்கள் சொன்ன குழப்பம் அதிகம் நேர்கிற இடம் மணிக்கட்டின் முன்பக்கம். பால்மாரிஸ் லாங்கஸ் தசைநாணும் மீடியன் நரம்பும் அங்கே ஒட்டினாற்போலக் கிடக்கின்றன, தடிமனும் ஏறக்குறைய ஒன்று. தசைநாண் பளபளக்கும். நரம்பு மங்கல், மேலே மெல்லிய ரத்தக்குழாய் ஓடலாம். இதை மட்டும் நம்பிவிடாதீர்கள், இரண்டு முனைக்கும் போய்ப் பாருங்கள். மேலே போனால் தசைநாண் சதையாக விரியும். நரம்போ விரல்களை மடக்கும் மேலடுக்குத் தசைக்கு அடியில் புகுந்துவிடும். கீழே வந்தால் பால்மாரிஸ் ரெட்டினாகுலம் என்னும் மணிக்கட்டுப் பட்டைக்கு மேலேயே போய் உள்ளங்கைப் படலத்தில் சேரும், மீடியன் அதற்கு அடியில் நுழையும். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, பக்கத்தில் யார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பெயர் தானாக வரும். சிலருக்குப் பால்மாரிஸ் இருக்கவே இருக்காது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அக்குளிலும் இப்படித்தான். கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸில் ஐந்து வேர், மூன்று தண்டு, ஆறு பிரிவு, மூன்று கார்டு என்று ஒப்பிப்பீர்கள். மேசையில் அது உதவாது. தசை ஒன்றைத் துளைத்துக்கொண்டு போகும் நரம்பைத் தேடுங்கள். கொரகோபிரேக்கியாலிஸைத் துளைப்பது மஸ்குலோகியூட்டேனியஸ். அங்கிருந்து உட்பக்கமாக வந்தால் ஆக்சிலரி தமனிக்கு முன்னால் ஆங்கில எம் எழுத்துப்போல ஓர் அமைப்பு. நடுவில் சேர்வது மீடியன், உட்புறக் கால் அல்னார். சில உடல்களில் மஸ்குலோகியூட்டேனியஸ் துளைக்காமல் மீடியனோடு சேர்ந்தே ஓடும். செயலியில் இந்த மாறுபாடு பெரும்பாலும் இருக்காது. கொழுப்பும் படலமும் நீக்கிய சுத்தமான உடலைத்தான் அது காட்டும். மண்டையோட்டின் துளைகளைத் திருப்பிப் பார்க்க அது நல்ல கருவி. பெயர்களை மறைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் உங்களுக்கு நல்ல உடல் ஒன்று இருக்கிறது. குலை வெட்டுகிறவரின் முன்கையில் தசைநாண்கள் எழும்பி நிற்கும். அப்பா ஓய்வாக இருக்கும்போது கையைக் கேளுங்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கச் சொன்னால் பால்மாரிஸ் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முழங்கை மடிப்பில் பைசெப்ஸ் தசைநாணுக்கு உட்புறம் நாடி, அதற்கும் உட்புறம் மீடியன். புருவ மை கொண்டு தோலின் மேல் வரையுங்கள். நெஞ்சின் நடுவிலுள்ள ஸ்டெர்னம் எலும்பின் மேட்டில் விரலை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டாவது விலா. எண்ணுவதை அங்கிருந்து தொடங்குங்கள்.

இருதயத்துக்குப் பாசாரில் ஆட்டிறைச்சிக் கடை போதும். குழாய்களை ஒட்ட நறுக்காமல் முழு இருதயம் கேளுங்கள். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருப்பது இடது வெண்ட்ரிக்கிள், அதாவது இடது கீழறை; சுவர் வலதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பு. வெட்டுவதற்கு முன் வீனா கேவா என்னும் பெருஞ்சிரை வழியாக விரலை விட்டு வால்வைத் தாண்டிப் போங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: ஆட்டின் அயோர்ட்டா என்னும் பெருந்தமனியின் வளைவிலிருந்து ஒரே பெரிய கிளை எழும், மனிதருக்கு மூன்று.

இருபது பேருக்கு ஓர் உடல் என்பதற்கு உடல் தானம் குறைவு என்பது ஒரு காரணம். மலேசியாவின் 1974-ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் உடல் தானத்துக்கு இடம் தருகிறது; மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் சைலண்ட் மென்டர் என்னும் உடல் தானத் திட்டமும் நடக்கிறது. இறுதிச் சடங்கு தடைபடுமே என்று நம் குடும்பங்கள் தயங்குவது புரிகிறது. அந்தத் திட்டத்தில் பயிற்சி முடிந்ததும் உடலை மரியாதையோடு குடும்பத்திடம் ஒப்படைக்கிறார்கள் என்பதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

கல்லூரிக்குத் திரும்பியதும் ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டு, கூட்டமில்லாத நேரத்தில் ஒரு நண்பரோடு போங்கள். அவர் கொடி குத்தட்டும், நீங்கள் ஒரு நிமிடத்துக்குள் எழுதுங்கள்: முதலில் வலதா இடதா, பிறகு பெயர், பிறகு அது எந்தத் தசைக்குப் போகிறது. வலதா இடதா என்று எழுதாமல் விட்டு மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர். தனியாக அறுத்து வைத்த துண்டாக இருந்தால் கொடியைப் பார்க்காதீர்கள், முதலில் எலும்பைத் தேடுங்கள்.