வைஸ் (பொருளை இரண்டு தாடைக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கிற பட்டறைக் கருவி) வாங்கப் போறீங்களா? கேட்டதும் சொன்னதும்

தோட்டத்து ஷெட்டில் மோட்டார் ரிப்பேர், பைப் வேலை. 4 இஞ்ச் போதுமா, 6 இஞ்ச் வேணுமா? (பொள்ளாச்சி)

5 இஞ்ச் எடுங்க, அதாவது தாடை அகலம் 125 மி.மீ. ஆனால் அளவுக்கு முன்னாடி வார்ப்பைக் கேளுங்க. சாதாரண வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கும், ஓங்கி ஒரு அடி விழுந்தால் விரிசல் அதன் வழியாகவே ஓடிவிடும், எஸ்.ஜி. (ஸ்பீராய்டல் கிராஃபைட்) வார்ப்பிரும்பில் அதுவே உருண்டை உருண்டையாக இருப்பதால் அவ்வளவு சுலபமாக உடையாது. கோயமுத்தூர் பக்கம் ஃபவுண்டரிக்கா பஞ்சம், "எஸ்.ஜி.யா?" என்று கேட்டாலே கடைக்காரருக்குப் புரியும். நான் முதலில் வாங்கியது சாதாரண வார்ப்பு. துருப்பிடித்த ஒரு போல்ட்டுக்காகக் கைப்பிடியில் பைப்பைச் செருகி இறுக்கினேன், முன் தாடை இரண்டாகப் போய்விட்டது. எந்த வைஸாக இருந்தாலும் பைப் செருகாதீங்க.

மோட்டார் ஷாஃப்ட்டை வெறும் தாடையில் பிடித்தால் பல் பதியும், செப்புத் தகடோ அலுமினியத் தகடோ மடித்து வையுங்க.

கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய வைஸ் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

தாராளமாக. புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் மட்டும் உஷார், வெல்டிங்கும் புட்டியும் அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டுங்க. விரிசல் இருந்தால் மற்ற இடத்தில் கேட்கிற சத்தம் அங்கே வராமல் மந்தமாகக் கேட்கும். அப்புறம் தாடையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு காகிதத் துண்டு வைத்து இறுக்கி, இழுத்துப் பாருங்க. ஒன்று மட்டும் உருவிக்கொண்டு வந்தால் தாடை கோணல்.

சுழலும் அடிப்பாகம் தேவையா?

அடித்து வேலை செய்கிறவர்களுக்கு வேண்டாம். அசையாததுதான் உறுதி.

தாத்தாவின் லைசென்ஸ் துப்பாக்கி, மரப்பிடி ஆடுகிறது. வைஸில் பிடித்து நானே சரிசெய்யலாமா? (கோபி)

வேண்டாமுங்க. வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருப்பது வேறு, பழுது பார்ப்பது வேறு. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி அதற்குத் தனி உரிமம் வேணும். அந்த உரிமம் உள்ளவரிடமே கொடுங்க.

நல்ல வைஸ்தான், ஆனாலும் ராவும்போது ஆடுகிறது.

ஆடுவது மேஜை. மர ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, பலகையை ஊடுருவிப் போகிற போல்ட் போட்டு, அடியில் தடித்த இரும்புத் தகடு வைத்து முடுக்குங்க. இடம் மேஜைக்கால் நேர் மேலே. பின் தாடை மேஜை விளிம்பைவிடத் துளி வெளியே நிற்கட்டும், அப்போதுதான் நீளமான பைப்பைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். தாடையின் மேல்மட்டம் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரணும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் ராவினாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.