சமையல் மேடைக்குக் கல் எடுக்கும் முன்: அளவும் கணக்கும்

கேள்வி: எங்கள் சமையல் மேடை எல் வடிவம். ஒரு சுவரோரம் 10 அடி, மறு சுவரோரம் 7 அடி, முன்விளிம்பு நீட்டம் உட்பட அகலம் 2 அடி. 34 சதுர அடி கிரானைட் எடுத்தால் போதுமா?

பதில்: மூலையில் உள்ள 2 அடிச் சதுரத்தை இரு சுவர்களின் கணக்கிலும் சேர்த்துவிட்டீர்கள், அதை ஒருமுறை கழித்தால் பரப்பு 30 சதுர அடிதான். ஆனால் பரப்பை மட்டும் வைத்துக்கொண்டு கல் எடுக்கக் கூடாது, ஏனெனில் கல் எந்த நீள அகலத்தில் கிடைக்கிறது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. மூலையை 7 அடிச் சுவரோடு சேர்த்தால் உங்களுக்கு வேண்டியவை 8 அடியும் 7 அடியுமாக இரண்டு துண்டுகள். கல் 9 அடிக்கு 3 அடியாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுதான் எடுக்க முடியும் என்பதால், இரண்டு கல்லாக 54 சதுர அடி வாங்க வேண்டியிருக்கும். அதுவே 9 அடிக்கு 5 அடிக் கல்லாக அமைந்தால் 45 சதுர அடியில் இரண்டும் அடங்கி, ஏறக்குறைய 1 அடி அகலப் பட்டை ஒன்று மிஞ்சும். அதை 4 அங்குல அகலத்தில் இரண்டாக அறுத்தால், ஓர் இணைப்போடு, சுவரோரம் நிறுத்தும் 17 அடிப் பட்டைக்கும் ஆயிற்று. கட்டம் போட்ட தாளில் கல்லை வரைந்து, துண்டுகளைக் கத்தரித்து அதன்மேல் அடுக்கிப் பாருங்கள். கால்குலேட்டரைவிட நான் இதைத்தான் நம்புகிறேன். வரியோடிய கல்லானால் துண்டைத் திருப்பி அடுக்காதீர்கள். இணைப்பில் வரிகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும்.

கேள்வி: அப்படியானால் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்க்கும் வழக்கம் தவறா?

பதில்: டைல்ஸ் பதிக்கும் மேடைக்கு அது சரியான கணக்கு. பெரிய கல்லுக்குச் சேதாரத்தை அடுக்கிப் பார்த்த தாளே சொல்லிவிடும்.

கேள்வி: தொட்டிக்கும் அடுப்புக்கும் வெட்டும் பரப்பைக் கழிக்கலாமா?

பதில்: கூடாது. அந்த ஓட்டையும் நீங்கள் வாங்கிய கல்லிலிருந்துதான் வெட்டப்படுகிறது.

கேள்வி: சுவர் நேராக இல்லை என்று கொத்தனார் சொல்கிறார். எப்படி அளப்பது?

பதில்: கீழ் அலமாரிகளைப் பொருத்தி மட்டம் பார்த்த பிறகே அளக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் அமையும் மேடையானால் பின்புறம், நடு, முன்புறம் என மூன்று இடங்களில் நீளத்தை எடுத்து, மூன்றையும் எழுதி வையுங்கள். மூலைக்கு, ஒரு சுவரில் 3 அடியிலும் மறு சுவரில் 4 அடியிலும் பென்சிலால் குறியிட்டு, குறிகளுக்கு இடையே டேப்பைக் குறுக்காகப் பிடியுங்கள். சரியாக 5 அடி வந்தால் மூலைமட்டம். கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் குறுகியிருக்கிறது. அப்போது எண்களை நம்பாமல், அட்டையைச் சுவரோடு ஒட்டி வெட்டி, அந்த வார்ப்பையே கல் அறுப்பவரிடம் கொடுப்பது நல்லது. டேப்பின் நுனிக் கொக்கி சற்றே ஆடுவதைப் பழுது என்று எண்ணிச் சுத்தியலால் இறுக்குபவர்கள் உண்டு. கொக்கியை மாட்டி இழுத்தாலும், சுவரில் முட்டி அளந்தாலும் கொக்கியின் தடிமன் அளவில் புகாமல் இருக்கவே அது அப்படி ஆடுகிறது.

கேள்வி: அலமாரிகள் 20 மில்லிமீட்டர் கல்லைத் தாங்குமா?

பதில்: அந்தத் தடிமனில் கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ இருக்கும்; உங்கள் மேடையின் சதுர அடியை 5 ஆல் பெருக்கி, அந்த எடையை அலமாரி செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.