கடக்கரையில இருந்து கணவாய்க்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஹம்ப்டா பாஸ் தாண்டுன கதையை எழுதியிருந்தேன், மணாலிக்கு மேல 4,270 மீட்டர் உயரத்துல இருக்கிற கணவாய், குலு பக்கம் ஏறி லாஹுல் பக்கம் இறங்கணும். அதுக்கு வந்த கேள்வியில பாதிக்கு மேல நம்ம ராமநாதபுரம் கடக்கரைக்காரங்க அனுப்புனது, மண்டபத்துல பிறந்தவன் எழுதுனதாலயோ என்னவோ. அதனால இந்த வாட்டி அவங்களுக்கு மட்டும் பதில்.

அண்ணே, நான் சங்கு குளிக்கப் போறவன். அஞ்சாறு பாகம் முங்கி ஒன்றரை நிமிஷம் அசால்ட்டா இருப்பேன். கூட்டாளிகளோட ஹம்ப்டா போறேன், அவனுங்க உயரத்துல மூச்சு முட்டும், மாத்திரை போடணும்னு பயமுறுத்துறானுங்க. மூச்சடக்கத் தெரிஞ்சவனை மலை என்ன பண்ணிரும்?
– வாசகர், தங்கச்சிமடம்

தம்பி, உங்க நெஞ்சு பலத்துல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அது வேற கணக்கு, இது வேற கணக்கு. தண்ணியில பத்து மீட்டர் இறங்குனா உடம்பு மேல அழுத்தம் ரெண்டு மடங்காகுது, காது அடைக்குது, மூக்கைப் பிடிச்சு ஊதி விடுறீங்க. மலையில இதுக்குத் தலைகீழ், ஏற ஏற அழுத்தம் குறையுது, 5,500 மீட்டர் போனா நம்ம கடக்கரையில இருக்கிறதுல பாதிதான். காத்துல ஆக்சிஜன் பங்கு எங்க போனாலும் 21 சதவீதம்தான், ஆனா காத்தே லேசாயிடுறதால ஹம்ப்டா மேல ஒரு மூச்சு இழுத்தா இங்க கிடைக்கிறதுல சுமார் 60 சதவீதம் ஆக்சிஜன்தான் உள்ள போகும். நீங்க முங்குனா ஒன்றரை நிமிஷத்துல மேல வந்து வள்ளத்தைப் பிடிச்சுக்கிட்டு ஆசை தீர மூச்சு வாங்குவீங்க, மலையில அப்படி மேல வர்றதுன்னு ஒன்னு கிடையாது, திங்குறப்பவும் தூங்குறப்பவும் அதே காத்துதான், நாள் கணக்கா.

இதைவிட எனக்கு முக்கியமாப் படுறது ஒன்னு இருக்கு. சங்கு குளிக்கிறவன் சின்ன வயசுல இருந்து பழகுறதே உடம்பு "மேல வா, மேல வா"ன்னு கத்துறதைக் காதுல போட்டுக்காம இருக்கத்தான். அந்தப் பழக்கத்தைத் தயவுசெஞ்சு பாம்பன் பாலத்துக்கு இங்கிட்டே விட்டுட்டுப் போங்க. மலை நோய் தலைவலியாத்தான் ஆரம்பிக்கும், அப்புறம் குமட்டல், சோறு இறங்காது, தலை சுத்தும், தூக்கம் வராது. இதுல ஏதாச்சும் இருந்தா அன்னைக்கு அதுக்கு மேல ஏறக்கூடாது, கூடிக்கிட்டே போனா இறங்கிரணும். உக்காந்திருக்கும்போதே மூச்சு இளைக்குது, விடாம இருமல், இல்ல ஆள் தள்ளாடுறான், பேச்சு குழறுதுன்னா அது நுரையீரல்லயோ மூளையிலயோ நீர் கோக்குற நிலை, ராத்திரி ரெண்டு மணியானாலும் கீழ கொண்டு போயிரணும், விடியட்டும்னு உக்காந்திருந்தா உயிர் போயிரும். பலசாலி, நோஞ்சான், ஜிம்முக்குப் போறவன்னு இது ஆள் பாக்காது, இளவட்டங்களுக்கும் வரும், வீம்புக்கு வெரசா ஏறுறதால அவங்களுக்கு இன்னும் சுளுவா வரும்.

தற்காப்பு ஒன்னுதான், பைய ஏறணும். 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா நேத்து படுத்த இடத்தைவிட இன்னைக்குப் படுக்கிற இடம் 500 மீட்டருக்கு மேல உசந்திருக்கக்கூடாதுங்கிறது பொதுவான கணக்கு, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஏறாம ஒரு நாள் தங்கிரணும். மணாலியே சுமார் 2,050 மீட்டர், போய் இறங்குன அன்னைக்கே கிளம்பாம ஒரு நாளாச்சும் தங்குங்க. கூட்டாளிங்க சொல்ற மாத்திரை டயமாக்ஸா இருக்கும், அசிட்டசோலமைடுன்னு மருந்து, உடம்பு உயரத்துக்குப் பழகுறதை அது சீக்கிரமாக்கும், ஆனா சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க அதை எடுக்கிறதுல ஆபத்து இருக்கு, டாக்டர்கிட்ட கேக்காம வாயில போடாதீங்க. இன்னொன்னையும் சொல்லிர்றேன், ராத்திரி டென்ட்ல பக்கத்துல படுத்திருக்கிறவன் மூச்சு நாலஞ்சு செகண்டு நின்னு போய் திடீர்னு பெருசா இழுப்பான், பாக்க பயமா இருக்கும், அந்த உயரத்துல நல்லா இருக்கிறவங்களுக்கும் தூக்கத்துல அப்படி வர்றது சகஜம்.

அங்க சோறு கிடைக்குமா? கருவாடு கொண்டு போகலாமா?
– வாசகர், ஏர்வாடி

சோறு கிடைக்கும், ஆனா குக்கர்லதான் ஆக்குவாங்க. 4,000 மீட்டருக்கு மேல தண்ணி 86, 87 டிகிரியிலயே கொதிச்சிரும், திறந்த சட்டியில எவ்வளவு நேரம் கொதிச்சாலும் அரிசி நடுவுல முள்ளாத்தான் நிக்கும். ராஜ்மா, பருப்பு, ரொட்டிதான் முக்கால்வாசி நாள். கருவாடு வேணாம், உப்பு தாகத்தை இழுக்கும், ஒரே டென்ட்ல மூணு பேர் படுக்கணும். அதுக்குப் பதிலா சாயல்குடி பக்கத்துக் கருப்பட்டியும் வறுத்த கடலையும் எடுத்துட்டுப் போங்க, உயரத்துல பசியே எடுக்காது, அப்ப நாக்குக்குப் பழகுன ஒரு துண்டு கருப்பட்டி உள்ள போற மாதிரி வேற எதுவும் போகாது, இது நான் அனுபவிச்சுச் சொல்றது.

விசைப்படகுல போறவன் நான். தடைக்காலத்துலதான் எனக்கு லீவு. அப்ப ஹம்ப்டா போகலாமா?
– வாசகர், ராமேஸ்வரம்

நம்ம தடைக்காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை, ஹம்ப்டா பொதுவா திறக்கிறதே ஜூன் நடுவுலதான், அதுக்கு முன்னாடி மேல பனி கெட்டியாக் கிடக்கும், ரெண்டும் ஒத்துப்போகாது. உங்களுக்கு சார் பாஸ்தான் சரி, அதே இமாச்சல்ல கசோல் பக்கம், 4,220 மீட்டர், மே மாசமும் ஜூன் முதல் பாதியும்தான் அதுக்குச் சீசனே. பனியில நடக்கணும், கறுப்புக் கண்ணாடி இல்லாம போயிராதீங்க, கடல் வெயில் பழகுன கண்ணுதானேன்னு நினைப்பீங்க, புதுப் பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், சாயங்காலம் கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி அறுக்கும்.

என்னைக்காச்சும் ஆகஸ்ட், செப்டம்பர்ல நேரம் கிடைச்சா ஹம்ப்டாவையும் பாத்துருங்க. ஏறுற பக்கம் முழுக்க பச்சை, தேவதாரு மரம், ஓடை, புல்வெளி. கணவாயைத் தாண்டி எட்டிப் பாத்தா அங்கிட்டு ஒரு பச்சை இலை இல்லாம மண்ணும் கல்லுமா கிடக்கும், பீர் பஞ்சால் மலைத்தொடர் மழை மேகத்தை மறிச்சு குலு பக்கமே இறக்கிருது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறிச்சுக்கிட்டு நம்மளைக் காய விடுதே, அதே கணக்கு. கமுதி, முதுகுளத்தூர் கண்மாய் காஞ்சு கிடக்கிறதைப் பாத்து வளர்ந்தவனுக்கு அந்த மேட்டுல நிக்கும்போது ஒரு மாதிரி தொண்டை அடைச்சுக்கும், எனக்கு அடைச்சுச்சு.

ஒரே ட்ரெக்குக்கு ஒரு கம்பெனி கேக்குற காசுல பாதிதான் இன்னொரு கம்பெனி கேக்குது. எதை நம்புறது, வழிகாட்டி உண்மையிலேயே வேணுமா?
– வாசகி, ராமநாதபுரம்

வேணும். எனக்கு நடந்ததைச் சொல்றேன். முதல் வாட்டி நான் ஹம்ப்டா போனப்ப ரெண்டாவது ராத்திரி பாலு கா கேராங்கிற இடத்துல தங்கல், சுமார் 3,600 மீட்டர், பாலுன்னா இந்தியில மணல், ஆத்தோரம் மணல் திட்டுல டென்ட். மத்தியானத்துல இருந்தே எனக்குத் தலை இடிச்சுது, யார்கிட்டயும் சொல்லல, ஒரு வருசம் காசு சேத்து வந்திருக்கேன், மறுநாள் கணவாய். வழிகாட்டி குலு பக்கத்துக்காரர், அம்பது வயசிருக்கும், சாப்பாட்டு டென்ட்ல என் தட்டையே பாத்துக்கிட்டு இருந்திருக்கார் மனுசன், நான் சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு ஓரத்துக்குத் தள்ளுறேன், வாய்க்கு ஒரு கவளம் போகல. வெளிய கூப்பிட்டு, மணல்ல குச்சியால ஒரு கோடு போட்டு, குதிகாலும் விரலும் ஒட்ட வச்சு அது மேல நடக்கச் சொன்னார். நடந்துட்டேன். "தலைவலியா?"ன்னார், இல்லன்னேன். ராத்திரி ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன், விடியக்காலம் பையைக் கட்டி உதவியாள் ஒருத்தரைக் கூட அனுப்பி முதல் ராத்திரி தங்குன சிக்கா முகாமுக்குத் திருப்பி அனுப்பிட்டார், அழுதேன், சண்டை போட்டேன், அவர் அசையல. 500 மீட்டர் இறங்குனதும் மத்தியானம் பசி எடுத்துச்சு. அடுத்த வருசம் அதே ஆள் கூடத்தான் தாண்டுனேன்.

அதனால யார் கேட்டாலும் நான் சொல்றது, எத்தனை பேரைத் தாண்ட வச்சீங்கன்னு கம்பெனிக்காரங்ககிட்ட கேக்காதீங்க, எத்தனை பேரைத் திருப்பி அனுப்புனீங்க, வானிலை கெட்டுப் போனா யார் முடிவெடுப்பாங்கன்னு கேளுங்க. நம்ம பக்கம் பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டா சம்மாட்டி, கூலியாள் எல்லாரும் கரையிலதான். மலையில கூண்டு கிடையாது, அந்த ஆள்தான் கூண்டு. 2024 ஜூன்ல உத்தரகாண்ட்ல சஹஸ்த்ர தால் போன கர்நாடகக்காரங்க 9 பேர் பனிப்புயல்ல மாட்டி இறந்து போனாங்க, நம்ம தேனி குரங்கணித் தீ 2018 மார்ச்ல, அதுவும் மறக்கல.

காசு வித்தியாசம் எங்க வருதுன்னா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அவர் மலையேற்றப் பயிற்சி முடிச்சவரா (உத்தரகாசியில, மணாலியில, டார்ஜிலிங்ல அதுக்குன்னே நிலையங்கள் இருக்கு), முதலுதவி தெரியுமா, ஆக்சிஜன் சிலிண்டர் முகாமோட கூட வருமா, இல்ல கீழ வண்டியிலயே கிடக்குமா, மழை வந்தா தங்க உபரியா ஒரு நாள் வச்சிருக்காங்களா, இதுலதான். சுமை தூக்குறவங்க எங்க படுக்கிறாங்க, அவங்க காலுக்கு என்னன்னும் கேளுங்க. பனியில ஒரு பையன் கிழிஞ்ச கேன்வாஸ் ஷூவுக்குள்ள பிளாஸ்டிக் பையைச் சுத்திக்கிட்டு எங்க கேஸ் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்ததை நான் பாத்திருக்கேன், அந்தக் கம்பெனி மலிவுதான், நான் அதுல திரும்பப் போகல.

தம்பி, எனக்கு வயசு 52, சுகர் இருக்கு, இன்சுலின் போடுறேன். மக கூப்பிடுறா. போக முடியுமா?
– வாசகி, கீழக்கரை

முடியும் லாத்தா, ஆனா டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான், கண்ணு, சிறுநீரகம், இதயம் மூணையும் பாத்துட்டு. இன்சுலின் உறைஞ்சா கெட்டுப் போயிரும், பையில வைக்காம உடம்போட ஒட்டுன உள்பாக்கெட்ல வச்சுக்கங்க, ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள. சுகர் பாக்குற மெஷினும் குளிருல சரியா வேலை செய்யாது, அதையும் கதகதப்பா வைங்க. நாள் முழுக்க நடக்கிறதால சுகர் இறங்கும், அது இறங்குனாலும் தள்ளாட்டம், மலை நோய் வந்தாலும் தள்ளாட்டம், ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால மகளுக்கும் வழிகாட்டிக்கும் உங்க நோயைக் கண்டிப்பாச் சொல்லிரணும். முதல் தடவையே கணவாய்க்குப் போக வேணாம், 3,000 மீட்டருக்குக் கீழ ஒரு நடை போயிட்டு வாங்க.

நம்ம ஊர்ல மேடே கிடையாது, எங்க பயிற்சி எடுக்க?
– வாசகர், தேவிபட்டினம்

ராமேஸ்வரம் தீவுல மேடுன்னா கந்தமாதன பர்வதம்தான், அதையே பத்து தடவை ஏறி இறங்குங்க. மணல் இருக்கே, அது போதும், தனுஷ்கோடியில ரோட்டை விட்டு மணல்ல அரிச்சல்முனை பக்கம் முதுகுல எட்டு கிலோ பையோட நடந்து பாருங்க, கெண்டைக்கால் பேசும். மூணு மாசம் வாரத்துக்கு நாலு நாள், மாடிப்படி தினமும். அப்புறம் சதுரகிரி ஒரு தடவை, வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு தளத்துல ஏதாச்சும் ஒரு கஷ்டமான பாதை ஒரு தடவை. இதெல்லாம் காலுக்கும் நெஞ்சுக்கும்தான், உயரத்துக்கு இல்ல, தென்னிந்தியாவுலயே பெரிய ஆனைமுடி 2,695 மீட்டர்தான், அந்தப் பழக்கம் அங்க போய்தான் வரணும். வாங்குற ஷூவை இங்கயே போட்டு நடந்து பழக்கிருங்க. பருத்தி பனியன் வேணாம், நனைஞ்சா காயாது, வாடைக்காத்துல நனைஞ்ச கைலியோட கரை திரும்புனவங்களுக்கு அந்த நடுக்கம் தெரியும், அங்க அது ஆளைக் கொல்லும்.

என் மகன் போறேங்கிறான். அவன் அப்பா கடலுக்குப் போறப்பக்கூட நான் இவ்வளவு பயந்ததில்ல. நாலு நாள் ஃபோன் கிடைக்காதாம். அனுப்பவா?
– வாசகி, தொண்டி

அனுப்புங்கக்கா. அதுக்கு முன்னாடி அவன்கிட்ட மூணு விசயம் எழுதி வாங்கிக்கங்க, எந்த ராத்திரி எந்த இடத்துல படுக்கிறான், கூட யார் யாரு, மணாலியில இருக்கிற கம்பெனி ஆபீஸ் நம்பர். மலைக்குள்ள பெரும்பாலும் டவர் கிடையாது, சத்தமே இல்லன்னா எல்லாம் சரியாப் போகுதுன்னுதான் அர்த்தம். மேலுக்கு முடியலைன்னா மறைக்காம வழிகாட்டிகிட்ட சொல்லணும்னு உங்க தலையில அடிச்சு சத்தியம் வாங்குங்க, நான் சொன்னா கேக்க மாட்டான், நீங்க சொன்னா கேப்பான். நடுவுல திரும்பி வந்தான்னா ஏன்டா தாண்டலைன்னு வீட்டுல யாரும் ஒரு வார்த்தை கேக்கக்கூடாது, அவங்க அப்பாவையும் சேத்துதான் சொல்றேன். இறங்கி மணாலி வந்ததும் முதல் ஃபோன் உங்களுக்கு. மண்சரிவுல ரோடு அடைச்சா ஒரு நாள் தள்ளிப் போகும், அந்த ஒரு நாள் பொறுத்துக்கங்க, அதுக்கு மேல போச்சுன்னா அந்த ஆபீஸ் நம்பருக்கு அடிங்க.